ஸ்ரீமான் ஜம்ஷெட்ஜி டாட்டாவும் பம்பாய்த் தாஜ்மஹால் ஹோட்டலும்

வழிச்செல்வார்க்கு இடமும் அன்னமும் அளித்தலை நம் முன்னோர் அறங்களுள் தலையாயதாகக் கருதி வந்தனர். காசியில் 1813-ஆம் வருஷத்தில் நிறுவப்பெற்ற நகரச் சத்திரமும், இராமேசுவரம் முதலிய தலங்களில் நகரத்தார் கட்டிவைத்த விடுதிகளும் இதற்குச் சான்றாகும். இளையாத்தங்குடியில் கயிலாசநாதரையும் நித்தியகல்யாணியம்மையையும் வழிபடக் கூடும் ஏழு பிரிவுப் பங்காளிகளுள், கோயிற் காரியமாய் வந்தவரைப் பசியோடு திருப்பியனுப்பலாம் என்று நினைப்பவர் ஒருவரும் இரார். ஆனால், விலை வாங்கிக்கொண்டு சோறிடுதலும், வாடகை பேசிப் படுக்கை கொடுத்தலும் நம் பெரியோர்க்கு உடன்பாடாய் இருந்தனவல்ல. ஹோட்டல் வைத்தான் என்று ஒருவனைக் குறித்துச் சொன்னால், நொடித்துப் போனான் என்று சொன்னதாகவே ஒரு காலத்தில் ஆச்சிமார் பொருள் கொள்வர்.

இக்காலத்திலோ கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் காரைக்குடியிலும் நம் பாட்டன்மார் கட்டிய மாளிகைகள் சில, அயல்நாட்டு விருந்தினர் பணங்கொடுத்துத் தங்கும் ஹோட்டல்களாகிவிட்டன. ஐயா உயிரோடிருந்தால் இதற்குச் சம்மதிப்பாரா என்று ஒரு பங்காளி கேட்பதும், ஓடு மாற்றவும் காரை பூசவும் பணம் எங்கிருந்து வரும் என்று மற்றொரு பங்காளி திருப்பிக் கேட்பதும் பல வளவுகளில் நடந்துவரும் வழக்கு. இதனை மனத்திற்கொண்டே, இந்திய வணிகருட் பெரியார் ஒருவரது வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்தோம். ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா என்ற பெயரைக் கேட்டவுடன் நேயர்களுக்கு உருக்காலையும் பங்களூர் விஞ்ஞானக் கழகமும் நினைவுக்கு வரும். அவ்விரண்டனுள் ஒன்றையேனும் அவர் கண்ணாற் கண்டாரல்லர். அவர் தொடங்கிய மாபெருங் காரியங்கள் நான்கனுள், அவர் உயிரோடிருக்கையிலே கதவு திறந்தது ஒன்றே. அது ஒரு ஹோட்டல்.

ஜம்ஷெட்ஜி 1839-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி குஜராத்தைச் சேர்ந்த நவசாரி என்னும் ஊரிற் பிறந்தார். பாரசீகத்தினின்றும் பல நூற்றாண்டுகட்கு முன் வந்து குடியேறிய பார்ஸி வகுப்பாரின் குருமார் குலத்தைச் சேர்ந்தது அவர் குடும்பம். அக்குலத் தொழிலை விடுத்து முதன்முதல் வியாபாரத்திற் புகுந்தவர் அவருடைய தந்தையார் நஸர்வான்ஜி. மகனைத் தம் 14-வது வயதளவிற் பம்பாய்க்கு வருவித்து எல்பின்ஸ்டன் கலாசாலையிற் படிக்கவைத்தார். 1858-இல் படிப்பு முடிந்தது. மறு வருஷமே ஜம்ஷெட்ஜி ஹாங்காங்குக்குக் கப்பலேறினார். இருபது வயது இளைஞன் கடல் கடந்து கடை நடத்தப் போவது, இரங்கூனுக்கும் பினாங்குக்கும் மக்களைக் கொண்டுவிக்க அனுப்பிப் பழகிய நமக்குப் புதுமையன்று. அங்கே டாட்டா கம்பெனி நடத்தியது பஞ்சு வியாபாரம்; அபினி வியாபாரமுங்கூட. அக்காலத்துப் பம்பாய் வணிகர் பலரும் சீனாவில் அபினி விற்றே பொருள் சேர்த்தனர். பெரியார் சரித்திரம் எழுதுகின்றவர்கள் இதனை மறைத்தல் தகாது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போதல் தடைப்பட, நம் நாட்டுப் பஞ்சின் விலை ஏறிற்று. பம்பாயிற் பணம் மழையெனப் பொழிந்தது. கடலைத் தூர்க்கும் கம்பெனிகளுக்கும் புதிது புதிதாய்த் தோன்றிய பாங்கிகளுக்கும் பங்கு வாங்கப் பித்தர்போல் யாவரும் ஓடினர். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பெருந்தரகர் இக்கூத்துக்குச் சூத்திரதாரி. இலண்டனில் இந்திய பாங்கி ஒன்று நிறுவும் பொருட்டு ஜம்ஷெட்ஜி ஆங்குச் சென்றார். 1865-ஆம் வருஷத்திற் போர் நின்றது. பஞ்சு விலை வீழ்ந்தது. ஒரே கோடையிற் பம்பாய்ச் செல்வர் பலர் வறியராயினர். நஸர்வான்ஜியும் அவர்களுள் ஒருவர். ஜம்ஷெட்ஜியின் கைப்பெட்டியிலிருந்த பத்திரங்கள் வெறுங் காகிதங்களாயின.

இவ்விடத்தில் அவர் செய்ததை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஊரும் உறவுமில்லா இலண்டனில், மஞ்சட் கடுதாசி கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பின் தடுப்பாரில்லை. அவரோ கடன் கொடுத்தோர் முன் தாமே சென்று நின்று, உள்ளது இது, இல்லாதது இது என்று ஐந்தொகையை விரித்துக் காட்டினார். அவர்கள் அவ்விளைஞரது நேர்மையைக் கண்டு, அவருடைய கம்பெனிக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை ஒரு சிறு சம்பளத்தில் அவரிடமே ஒப்படைத்தனர். கடன்பட்டவனையே கணக்குத் தீர்க்க நியமித்தல் எந்த ஊர் வழக்கிலும் அருமை. பம்பாயில் தந்தையார் வீட்டை விற்றுக் கடனடைத்தார்.

1868-இல் அபிசீனியப் போருக்குச் சென்ற ஆங்கிலச் சேனைக்குப் பண்டங்கள் சேகரித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இக்குடும்பம் பங்குகொண்டு மீண்டும் தலையெடுத்தது. அவ்வருஷமே 21,000 ரூபாய் மூலதனத்துடன் ஜம்ஷெட்ஜி தம் சொந்த வியாபாரத்தைத் தொடங்கினார். நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக்கி, இரண்டு வருஷத்திற்குள் லாபத்துக்கு விற்றார். பிறகு, பம்பாயிலேயே ஆலை வைப்பதுதான் அறிவுடைமை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, பருத்தி விளையும் இடத்துக்கே ஆலை போகவேண்டுமென்று நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவர் வாங்கியது சதுப்பு நிலம். மண்ணைக் கொட்டித் தூர்க்கவே பெரும்பொருள் செலவாயிற்று. பொன்னைக் குழியிற் கொட்டும் மனிதரென்று எள்ளிப் பங்கெடுக்க மறுத்த உள்ளூர் மார்வாரி ஒருவர், பின்னாளில் அவர் கொட்டியது மண், எடுத்தது பொன் என்று ஒப்புக்கொண்டாராம். 1877-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, விக்டோரியா ராணியார் இந்தியச் சக்கரவர்த்தினி என்று முடிசூட்டு விளம்பரம் செய்யப்பெற்ற நாளிலே அவ்வாலை ஓடத் தொடங்கியதால் எம்பிரெஸ் மில் எனப் பெயர் பெற்றது. தொழிலாளருக்கு 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்து நஷ்டஈடும் ஆங்கு ஏற்பட்டன. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலம் அது.

இனி ஹோட்டலுக்கு வருவோம். 1890-க்குப் பிந்திய பம்பாய் பஞ்சாலைப் புகையால் நிறைந்து, ஜனநெருக்கம் மிகுந்து, செல்வமும் அழுக்கும் ஒருங்கே வளர்ந்த நகரம். 1896-இல் பிளேக் நோய் அங்கே புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினர். பம்பாய் முடிந்தது என்று எண்ணியவரும் உண்டு. அப்படிப்பட்ட சமயத்திலேதான், அப்போலோ துறையருகே கடலினின்று மீட்கப்பெற்ற நிலத்தை 1898-இல் 99 வருஷக் குத்தகைக்கு ஜம்ஷெட்ஜி வாங்கினார். எதன்பொருட்டு என்று வீட்டாரும் அறிந்திலர்.

வாட்ஸன் ஹோட்டல் என்றொன்று பம்பாயில் இருந்தது. வார்ப்பிரும்புச் சட்டத்தாலாகிய அக்கட்டடம், 1896-ஆம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி இந்தியாவில் முதன்முதல் சலனப் படம் காட்டப்பெற்ற இடம். வெள்ளையர்க்கே உரிய அவ்விடத்தில் ஜம்ஷெட்ஜிக்கு அனுமதி மறுக்கப்பட்டதென்றும், அவமானந் தாங்காது அவர் தமக்கென்று ஒரு ஹோட்டல் கட்டினாரென்றும் ஒரு கதை நாடெங்கும் வழங்குகின்றது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும், அவரை நெருங்கி அறிந்தோர் எழுதிவைத்தவை வேறு வகையில் உள்ளன. பம்பாயில் நாகரிகமாய்த் தங்க ஓரிடம் இல்லையே என்ற குறை பத்திரிகாசிரியராயிருந்த நண்பர் லோவட் பிரேஸர் போன்றோரிடம் பேசப்பட்டதென்றும், அவ்வெண்ணம் டாட்டாவின் உள்ளத்தில் நெடுங்காலம் ஊறிக் கிடந்ததென்றும் அவற்றால் தெரிகின்றது. ஹோட்டலை வைத்துக்கொண்டு பிழைக்கவேண்டுமென்ற ஆசை அவருக்கு இல்லை. அயலார் இந்தியாவுக்கு வரவேண்டும், வந்தவர் பம்பாயை மதிக்கவேண்டும் என்பதே அவர் விரும்பியது. ஒரு நாட் கோபம் ஐந்து வருஷம் செங்கல் அடுக்காது என்பது நம் கருத்து. நேயர்கள் கதையை நம்பினும் குற்றமில்லை. அக்காலத்து வெள்ளையர் ஹோட்டல்கள் இந்தியரை எப்படி நடத்தின என்பதற்கு அது பொய்ச்சாட்சியன்று.

இச்செய்தி வீட்டில் தெரிந்தபோது ஓர் சகோதரியார் திகைத்துப் போனார். பங்களூரில் விஞ்ஞானக் கழகம், காட்டில் இரும்பாலை என்று பேசிக்கொண்டிருந்த தமையனார், இப்போது சோற்றுக்கடை வைக்கப் போகிறாரா என்று குஜராத்தியிற் கேட்டாராம். நம் ஆச்சிமார் கேட்பதும் இதுவே. நாடு வேறு, மதம் வேறு, மொழி வேறு, கேள்வி ஒன்று. ஜம்ஷெட்ஜி அதற்கு என்ன விடை சொன்னார் என்பதைவிட என்ன செய்தார் என்பதே முக்கியம். கம்பெனிப் பணத்தையோ பங்காளிகள் பணத்தையோ அவர் தொட்டாரல்லர். தம் சொந்தப் பணத்தை இட்டார்.

சீதாராம் காண்டேராவ் வைத்தியா, டி. என். மிர்ஸா என்னும் இந்தியச் சிற்பிகள் இருவர் வரைபடம் வகுத்தனர். வைத்தியா இடையிற் காலமாகவே, சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி வேலையை முடித்தார். கட்டடம் முன்பின் மாறிக் கட்டப்பட்டதென்றும், அதைக் கண்டு மனமுடைந்த ஆங்கிலச் சிற்பி உயிர்விட்டாரென்றும் வழங்குவது வெறுங்கட்டு. அக்காலத்து வாயில் நகரத்தை நோக்கியும், அறைகள் கடலை நோக்கியும் இருந்தன. வண்டிகள் நகரப் பக்கமிருந்து வரும், காற்றோ கடற் பக்கமிருந்து வரும், ஆதலால் அவ்வாறு வைத்தனர். தென்றல் வரும் திசை பார்த்து வளவு வைக்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

சாமான் சேகரித்த வகையைச் சொன்னால் நம்மவர்க்குத் தம் வீட்டுக் கதை போலவே தோன்றும். பர்மாவினின்று தேக்கும், இத்தாலியினின்று சலவைக்கல்லும், பெல்ஜியத்தினின்று நிலைக்கண்ணாடியும் தருவித்து நம் முன்னோர் முகப்பும் பட்டாலையும் அலங்கரித்தனரன்றோ? ஜம்ஷெட்ஜி தாமே ஐரோப்பா சென்று கடை கடையாய்த் திரிந்தார். ஜெர்மனியில் டுஸல்டார்ப் நகரில் மின்சார யந்திரங்கள், பெர்லினிற் கொத்துவிளக்குகள், பாரிஸில் இரும்புத் தூண்கள் என ஒவ்வொன்றும் பார்த்து வாங்கினார். விசிறிகள் அமெரிக்காவினின்று வந்தன. ஆளேற்றும் யந்திரம் ஜெர்மனியினின்று வந்தது. துருக்கிய முறை ஸ்நான அறைகளும், ஐஸ் செய்யும் யந்திரமும், சோடாத் தண்ணீர் அடைக்கும் சாலையும், துணி வெளுக்கும் யந்திரமும் அக்கட்டடத்துக்குள்ளேயே அமைந்தன. அக்கட்டடத்தில் மின்விளக்கும் ஏற்றப்பெற்றது. நம் மாளிகைகளோடு ஒப்பிடுகையில் வேற்றுமை ஒன்று உண்டு. நாம் வருவித்தவை கல்யாணத்துக்கும் சாந்திக்கும் ஆண்டில் சில நாட் கதவு திறந்து உறவினர்க்குக் காட்டப்பட்டன. எஞ்சிய நாட்களிற் பூட்டிக் கிடந்தன. அவர் வருவித்தவை பெயரறியா வழிப்போக்கனுக்கு நாடோறும் திறந்திருந்தன. இதை எழுதுகையில் நம் மனத்திலும் சிறிது உறுத்தல் உண்டாகாமலில்லை.

1903-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ந் தேதி, கட்டடம் முற்றும் நிறைவேறுமுன்பே ஹோட்டல் திறக்கப்பெற்றது. அன்று தங்கியவர் பதினேழு பேர். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலிலிருந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்பட்டது அதன் நடுக் கும்மட்டம். இந்திய வாயில் என்னும் வளைவு அப்போது இல்லை. அது 1924-இலேதான் திறக்கப்பெற்றது. மின்விசிறியும் ஸ்நான அறையும் சேர்ந்த அறைக்கு நாளொன்றுக்கு 13 ரூபாய் வாடகை. அக்காலத்துப் பஞ்சாலைத் தொழிலாளி மாதமுழுதும் நின்று உழைத்துப் பெற்ற கூலியும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகலின் அதனைச் சத்திரம் என்று நாம் சொல்ல வரவில்லை. காசியில் நம் சத்திரத்தின் வாயிலில் நிற்கும் ஏழை யாத்திரிகன் தாஜ்மஹால் ஹோட்டலின் வாயிலில் நிற்கவும் அஞ்சியிருப்பான். ஆனால் பணங்கொடுக்க வல்லவரிடையே நிறம் பார்த்துக் கதவடைக்கும் வழக்கம் அங்கே இல்லை. வெள்ளைக்காரத் துரையும் இந்திய வணிகரும் ஒரே கூடத்தில் உணவருந்துவது அக்காலத்திற் சிறிய செய்தியன்று.

இதே மனப்பாங்கை அவருடைய ஏனைய முயற்சிகளிலும் காணலாம். தூரகிழக்குக்குப் பஞ்சு நூல் ஏற்றும் கப்பற் கூலியை ஆங்கிலக் கம்பெனி அளவின்றி உயர்த்தியபோது, 1893-இல் ஜப்பான் சென்று அந்நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து போட்டிக் கப்பல் விட்டார். அதில் நட்டப்பட்டு விலகினார். அவ்வருஷம் யோகோஹாமாவினின்று வான்கூவருக்குச் சென்ற கப்பலில் அவரோடு பிரயாணஞ் செய்தவர் சுவாமி விவேகானந்தர். 1898-இல் விஞ்ஞானக் கழகத்தைக் குறித்துச் சுவாமிகளுக்குக் கடிதம் எழுதிய ஜம்ஷெட்ஜி, தம் சொத்திற் பெரும் பகுதியை அதற்கென ஒதுக்கினார். அரசாங்கம் வருஷக்கணக்கில் ஆலோசித்தது. மைசூர் அரசினர் நிலமளிக்க, 1909-இலேதான் பங்களூரில் அது நிறுவப்பெற்றது. இரும்பாலை நகரம் எப்படி அமையவேண்டுமென்று மகன் தொராப்ஜிக்கு 1902-இல் எழுதிய கடிதத்தில், வீதிகள் அகலமாயிருத்தலையும், விரைவில் வளரும் நிழல்மரங்களையும், விளையாட்டு வெளிகளையும், ஹிந்துக் கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் ஆகியவற்றுக்கு இடம் விடுதலையும் அவர் வற்புறுத்தியிருந்தார். அப்போது அந்நகரத்துக்கு இடமே தேர்ந்தாகவில்லை. 1907-இற் கம்பெனி ஏற்பட்டு, 1912-இல் முதல் உருக்கு வார்க்கப்பெற்றது. அருவி நீரிலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் 1915-இல் வந்தது.

இவற்றை யெல்லாம் காண அவருக்கு ஆயுளில்லை. ஹோட்டல் திறந்த சில வாரங்களில் உடல்நலங் குன்றி ஐரோப்பா சென்றார். மனைவியார் ஹீராபாயும் அதே 1904-ஆம் வருஷத்திற் காலமானார். மே மாதம் 19-ந் தேதி, ஜெர்மனியிலுள்ள நௌஹைம் என்னும் ஊரில் ஜம்ஷெட்ஜி உயிர்நீத்தார். உடல் இங்கிலாந்தில் புரூக்வுட் மயானத்திற் பார்ஸிகளுக்குரிய பகுதியில் அடக்கஞ் செய்யப்பெற்றது. உலகெங்கும் திரிந்து கொத்துவிளக்கும் தூணும் வாங்கி வந்தவர், தாம் கட்டிய மாளிகையை நிறைவோடு பார்த்துக் களித்திருந்த காலம் மிகச் சிறிது.

மாளிகை அவருக்குப் பின்னும் பல கோலங்கள் பூண்டது. முதல் உலக யுத்தத்தில் அது 600 படுக்கைகள் கொண்ட ராணுவ ஆஸ்பத்திரியாயிற்று. மன்னர்களும், தேசத் தலைவர்களும், சங்கீத விற்பன்னர்களும் அங்கே தங்கினர். சரோஜினி தேவியார் அங்கே நெடுநாள் அறை வைத்திருந்தார். 1973-இல் அருகே உயர்ந்த புதுக்கட்டடம் எழுந்தது. மறு வருஷம் சென்னையிலும் அக்கம்பெனியின் ஹோட்டல் ஒன்று திறக்கப்பெற்றது. 2008-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி இரவு ஆயுதந் தாங்கிய கொடியோர் புகுந்து தீ வைத்தனர். அக்கட்டடத்திலே மட்டும் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரவில் ஹோட்டற் சிப்பந்திகள், தப்பியோடும் வழி தமக்குத் தெரிந்திருந்தும், விருந்தினரை முன்னே அனுப்பித் தாம் பின்னே நின்றனர். அவர்களிற் பலர் உயிரிழந்தனர். அவர்கள் கூலிக்கு வேலைசெய்தவர்களே; விருந்தினரும் வாடகை கொடுத்துத் தங்கியவர்களே.

புதுக்கட்டடத்தின் கதவு அடுத்த மாதமே திறந்தது. எரிந்த பழைய மாளிகையின் மரவேலைகளையும் ஓவியங்களையும் கைதேர்ந்தவர்களைக் கொண்டு ஒவ்வொன்றாய்ச் செப்பனிட்டனர். 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி அதன் அறைகள் மீண்டும் விருந்தினர்க்குத் திறக்கப்பெற்றன. ஜம்ஷெட்ஜி பாரிஸில் வாங்கிய இரும்புத் தூண்கள் அங்குள்ள நடனக் கூடத்தை இன்றும் தாங்கி நிற்கின்றன.